அடிபட்ட பழைய காரை வீட்டிலேயே தேற்ற 42 குறிப்புகள்

"இதுக்குச் செலவு பண்றதுக்குப் பேசாம காயலான் கடையில போட்டுடலாம்!" மூக்கு நசுங்கி நிற்கும் பழைய காரைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள் நண்பர்களே! 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். முன்பக்க மட்கார்டு, பானெட், பம்பர் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இந்த மாதிரி வண்டிகளில் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம். ஒரே ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும்: கண்ணுக்குத் தெரியும் அழகில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், வண்டியை நிறுத்துவதிலும் திருப்புவதிலும் பிடிக்கக் கூடாது.

கை வைக்கும் முன்

1. ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் செல்போனை எடுங்கள். நான்கு பக்கமும், நசுங்கிய இடத்தைக் கிட்டத்திலும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் படம் பிடித்துவிடுங்கள். முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். கழற்றிப் போட்ட வண்டிக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

2. சின்னச் செலவென்றால் க்ளெய்ம் போடுவது லாபமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்காக, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி ஒரே க்ளெய்மில் போய்விடும்.

3. க்ளெய்ம் போட்டாலும் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதி விலைதான் வரும். வண்டிக்கு 10 வயது தாண்டியிருந்தால் தகரப் பாகங்களுக்கும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1,500 சி.சி.க்கு உட்பட்ட காரென்றால் முதல் 1,000 ரூபாய் நம் பையிலிருந்துதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. அதே மாடல், அதே வருட வண்டி ஓடும் நிலையில் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். செலவு அதில் பாதியைத் தொட்டால் நிறுத்தி யோசிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களே, ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'முழு நஷ்டம்' என்றுதான் எழுதுகிறார்கள்.

5. சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று முழம் சணல் நூல் போதும். பானெட்டைத் திறந்து, இடது முன்மூலை போல்ட்டிலிருந்து வலது பின்மூலை போல்ட் வரை நூலை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை எதிர்க் குறுக்கில், வலது முன்மூலை போல்ட்டிலிருந்து இடது பின்மூலை போல்ட் வரை பிடித்துப் பாருங்கள். முடிச்சு விரற்கடை தள்ளி விழுந்தால் அது டிங்கர் பட்டறையில் இழுத்து நிமிர்த்த வேண்டிய வேலை, வீட்டு வேலை அல்ல.

6. நான்கு கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். உரசாமல் சாத்தினால் நிம்மதி. மேல் மூலையில் சந்து விரிந்து கீழே இடித்தால் கதவுத் தூண் நகர்ந்திருக்கிறது. கூரையிலோ தரைத் தகரத்திலோ புது மடிப்பு தெரிந்தாலும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

7. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும்வரை கிரைண்டர், வெல்டிங், பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

8. ஸ்டீயரிங்கின் அடியில் மஞ்சள் ஒயரோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக்கின் ஒயர். அந்தப் பக்கம் கை வைக்காமல் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பழைய 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை.

கழற்றும்போது

9. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, அதற்கும் மேலாகக் கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டில் அடியில் தள்ளி வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. பாரம் ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

10. துருப்பிடித்த போல்ட்டுகளுக்குச் சனிக்கிழமை இரவே டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் கழற்றும் முன் ஒரு இழை இறுக்கிவிட்டு, பிறகு தளர்த்துங்கள். துரு விட்டுக்கொடுத்து, தலை முறியாமல் வந்துவிடும்.

11. பெரிய டூல் பெட்டி வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம். 10, 12, 14, 17 அளவு ரிங் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மாருதியின் முன்பக்கத்தைக் கழற்றிவிடலாம். திறந்த வாய் ஸ்பேனர் போல்ட் தலையை உருட்டிவிடும். முதல் பிடி எப்போதும் ரிங் ஸ்பேனரில்தான்.

12. பழைய அட்டைப்பெட்டியில் காரின் முன்பக்கத்தைச் சுமாராக வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பூட்டினாலும் 'இது எங்கே போகும்?' என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.

13. ஒவ்வொரு ஒயர் கனெக்டரைப் பிரிக்கும்போதும் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்தால் எலெக்ட்ரீஷியன் கூலி மிச்சம்.

14. பிளாஸ்டிக் கிளிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடையும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, பழைய தோசைத் திருப்பியை அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். முழுசாக வந்த கிளிப்பைத் திரும்பப் போடலாம்.

15. சீட்டிலும் கார்ப்பெட்டிலும் சிதறிய கண்ணாடித் துகளைப் பெருக்கிய பிறகு, கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவு உருண்டையை ஒற்றி ஒற்றி எடுங்கள். வாக்குவம் கிளீனர் விட்டுவைத்த பொடித் துகளும் ஒட்டிக்கொண்டு வரும். மாவைக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போடுங்கள். ஆடு மாடு வாயில் படக் கூடாது.

16. வேலை முழுதும் முடியும்வரை உடைந்த எதையும் எறியாதீர்கள். கடையில் காட்ட மாதிரியாகவும், கிளிப், ரப்பர், ஸ்க்ரூ கழற்றிக்கொள்ளவும் உதவும். கடைசியில் தகரத்தை எடைக்குப் போட்டால் பெயின்ட் செலவில் கொஞ்சம் தேறும்.

சாமான் வாங்கும்போது

17. பழைய பாகத்துக்குச் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் பழைய வண்டி உடைக்கும் கடைகளை விசாரியுங்கள். உடைந்த பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் கிரில், ஹெட்லைட் மாறும். வாய் வார்த்தையில் சொல்லி வாங்கினால் திரும்ப அலைய வேண்டியதுதான்.

18. பழசில் தாராளமாக வாங்கக்கூடியவை: பானெட், மட்கார்டு, கதவு, டிக்கி, கிரில், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, சீட். பழசில் வாங்கவே கூடாதவை: பிரேக் பாகங்கள், டை ராடு, பால் ஜாயின்ட், டைமிங் பெல்ட், டயர், சீட் பெல்ட். இந்தப் பட்டியலைச் செல்போனில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

19. நம் வண்டி நிறத்திலேயே கதவோ பானெட்டோ கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கேட்டாலும் வாங்கிவிடுங்கள். பெயின்ட் செலவும் வேலையும் மிச்சம். வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம்.

20. ஹெட்லைட் ஒன்று, கிரில் ஒன்று என்று தனித்தனியாகப் பேரம் பேசாதீர்கள். தேவையானதை எல்லாம் ஒரே கடையில் எடுத்துக் கூட்டி வைத்து, கடைசியில் மொத்தத்துக்கு ஒரு விலை கேளுங்கள். முடிந்தவரை பில் வாங்கிக்கொள்வது நல்லது.

21. பழைய பானெட், கதவு வாங்கும்போது சிறு காந்தத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவின் கீழ் விளிம்பையும் திருப்பிப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

நெளிசல், பட்டி, பெயின்ட்

22. பிளாஸ்டிக் பம்பர் உள்ளே குழிந்திருந்தால் கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு உள்பக்கமிருந்து தள்ளுங்கள். வெளியே வந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். இந்த வித்தை பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான், தகரத்தில் பலிக்காது.

23. தகர நெளிசலை நடுவில் ஓங்கி அடித்தால் தகரம் நீண்டு, டப் டப்பென்று அமுங்கும். பின்பக்கம் மணல் நிரப்பிய சின்னப் பையைத் தாங்கலாக வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ரப்பர் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி வாருங்கள். ஓங்கிப் போடும் ஒரு அடியைவிட இருபது மெல்லிய தட்டு மேல்.

24. நெளிசல் முழுதும் எடுபட்டதா என்று கண்ணைவிட உள்ளங்கை நன்றாகச் சொல்லும். மெல்லிய பருத்தித் துணியைத் தகரத்தின் மேல் போட்டு, அதன்மீது கையை நீளவாக்கில் ஓட்டுங்கள். கை வழுக்கிப் போகும்போதே மேடும் பள்ளமும் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு அங்கே மட்டும் வேலை செய்யுங்கள்.

25. துருவின் மேல் பட்டி பூசுவது காசைக் கரைப்பதுதான். ஒரு மழைக்காலம் தாண்டாது. கம்பி பிரஷ்ஷால் பளபளப்பான தகரம் தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குத் தகரத் துண்டு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி.

26. பட்டியை ஒரு பழைய டைல்ஸ் துண்டில், எலுமிச்சம்பழ அளவே எடுத்துக் குழையுங்கள். சில நிமிடத்திலேயே இறுகிவிடும் என்பதால் அதிகம் கலந்தால் வீண். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் போதும். அவசரத்துக்கு அதிகம் சேர்த்தால் பின்னால் வெடிக்கும், பெயின்டிலும் கறை தெரியும்.

27. பட்டியின் கனம் 3 மி.மீ. தாண்டக் கூடாது, அதற்கு மேல் பள்ளம் இருந்தால் தகரத்தை இன்னும் நிமிர்த்த வேண்டும் என்று அர்த்தம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் முதல் தேய்ப்பைக் காய்ந்த உப்புத்தாளால் செய்யுங்கள். வாட்டர் பேப்பரைப் பிரைமர் அடித்த பிறகு எடுத்தால் போதும்.

28. உப்புத்தாளை வெறுங்கையில் பிடித்தால் விரல் தடம் பள்ளமாக விழும். பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதில் சுற்றிக்கொள்ளுங்கள். 80-இல் தொடங்கி 180, 320 என்று ஏறி, பெயின்டுக்கு முன் 800-இல் முடியுங்கள்.

29. நிறம் சேர்க்கும் கடைக்கு முழு வண்டியையும் ஓட்டிப் போக வேண்டாம். பெட்ரோல் டேங்க் மூடியின் வெளிக்கதவைக் கழற்றி எடுத்துப் போங்கள். வண்டி எந்த அளவுக்கு வெயிலில் வெளுத்திருக்கிறதோ அதே அளவுக்கு அதுவும் வெளுத்திருக்கும். கம்பெனி நிறம் அல்ல, இன்றைய நிறமே கிடைக்கும்.

30. பெயின்ட் அடிக்கும் முன் தரையில் வாசல் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி எழும்பாது. மழை நாளிலும் பனி விழும் அதிகாலையிலும் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் ஏறிய காலை பத்து மணிக்கு மேல், நிழலில், காற்று அதிகம் இல்லாத நாளாகப் பாருங்கள்.

31. ஸ்பிரே டப்பாவை முதலில் கழற்றிப் போட்ட பழைய மட்கார்டில் அடித்துக் கை பழகிக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழியும். மெல்லிசாக மூன்று நான்கு கோட் அடித்து, நடுவில் பத்து பதினைந்து நிமிடம் விடுங்கள். மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

32. அடிக்காத இடங்களைப் பழைய செய்தித்தாளால் மூடும்போது இரண்டு மடிப்பாக வையுங்கள். ஒற்றைத் தாளில் பெயின்ட் ஊறி இறங்கும். மாஸ்கிங் டேப்பை முழுதும் காயும் முன்பே, சாய்வாக இழுத்து எடுங்கள். விளிம்பு பிசிறில்லாமல் வரும்.

ரேடியேட்டர், விளக்கு, கண்ணாடி

33. ரேடியேட்டரின் இதழ்கள் மடங்கியிருந்தால் பழைய சீப்பின் பல்லால் மெதுவாக நிமிர்த்துங்கள். வண்டியில் பூட்டும் முன் வாய்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். காகிதம் நனைந்த இடம்தான் ஒழுகும் இடம். பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி விரிந்திருந்தால் மாற்றுவதே நல்லது.

34. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே உப்பு உள்ளேயும் படிந்து வழியை அடைக்கும். கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

35. ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ வைக்காதீர்கள்; ஐந்து பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஒயர் முழுதும் எரியும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் நிற்காது. சோல்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டி, ஹேர் டிரையரால் சுருக்கிவிடுங்கள்.

36. ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மாற்றினால் ராத்திரியில் வண்டியைச் சுவருக்கு நேராக ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நல்ல விளக்கு டிம்மில் விழும் உயரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, புதியதையும் அதே கோட்டுக்குத் திருகிக் கொண்டு வாருங்கள். எதிரே வருபவர் கண்ணும் கூசாது.

37. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் ஹெட்லைட்டை 1,000, பிறகு 2,000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும். எச்4 பல்பு 60/55 வாட் போதும். 100 வாட் போட்டால் பழைய ஒயரும் ஹோல்டரும் உருகும். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடித்து மாட்டுங்கள்.

38. ரப்பர் பீடிங்கில் உட்காரும் முன்கண்ணாடியை மாட்ட ஒரு நைலான் கயிறும் இரண்டு ஆளும் போதும். பீடிங்கைக் கண்ணாடியில் பூட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனையும் காருக்குள் வருமாறு வைத்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல உருவினால் ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும்.

ரோட்டில் இறக்கும் முன்

39. அடிபட்டதும் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்: பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூன்றையும் நல்ல மெக்கானிக் ஒருமுறை பார்க்கட்டும். மோதலின்போது ஆளைத் தாங்கிப் பிடித்த சீட் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் உரிந்துவிடும்.

40. முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில், கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் சுற்றினால்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று சூட்டு முள்ளைக் கவனியுங்கள்.

41. சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை பாருங்கள். வீல் அலைன்மென்ட்டை மற்ற வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு செய்தால் ஒரே செலவோடு போகும். முதல் ஓட்டம் காலி மைதானத்தில் இருக்கட்டும், பைபாஸில் வேண்டாம்.

42. பதிவு செய்து 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கியிருந்தால் பெயின்ட் வேலையை அதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டால் ஒரே செலவில் இரண்டும் ஆகும். ஹாரன், வைப்பர், எல்லா விளக்கும், புகைச் சான்றிதழும் சரியாக இருக்கட்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் பட்டியோ பெயின்டோ பூசி மறைத்துவிடாதீர்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் தேடுவது அதைத்தான்.

எல்லா வேலையையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைக்காதீர்கள். ஓட்டத் தேவையானதை முதலில், மழைத் தண்ணீரைத் தடுப்பதை அடுத்து, அழகைக் கடைசியில் என்று பிரித்துக்கொண்டால் மாதச் சம்பளத்திலேயே வண்டி எழுந்து நின்றுவிடும். டிங்கர் கூலியில் மிச்சமான பணத்தை வேறெதற்கும் எடுத்துவிடாமல் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். உங்கள் வீட்டில் கைகண்ட குறிப்பு வேறு ஏதாவது இருந்தால் தெருவில் பழைய கார் வைத்திருக்கும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கும் காசு மிச்சமாகட்டும்!